தொண்ணூற்றேழரையில் நின்றது

காலை எட்டேமுக்காலுக்குத் தயிர் உறை ஊற்ற மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி, போகிற போக்கில் தலையில் கல்லைப் போட்டுவிட்டுப் போனாள்.

"ஏளா ப்ரியா, தொட்டியில தண்ணி ஏத்திட்டியா? ஒம்பதுலேருந்து ரெண்டு வரைக்கும் கரண்டு கிடையாது. மாசாந்திர வேலையாம். நேத்தே பேப்பர்ல போட்டிருந்தான்."

சண்முகப்ரியாவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை. உள்ளறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, மூன்று நாளாக ஒரு கம்ப்யூட்டர் இரவுபகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது அணைந்தால் அவளுடைய எட்டு வருஷமும் அதோடு அணைந்தது.

எட்டு வருஷம் என்பது அவளுடைய பிஎச்.டி. தூத்துக்குடியை அடுத்த தருவைகுளத்துக்கு வெளியே கடல்புல் மண்டிக்கிடக்கும் ஓரிடத்தில், தண்ணீருக்கடியில் மைக்கை இறக்கி, பதினான்கு மாதம் கடலின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தாள். அந்தச் சத்தத்துக்குள் ஆவுளியாவின் குரல் இருக்கிறதா? இதுதான் கேள்வி. பாடப்புத்தகம் அதைக் கடல்பசு என்று சொல்லும். எருமை கனத்துக்கு உடம்பை வைத்துக்கொண்டு குருவிக்குஞ்சு மாதிரி கீச்சிடும் பிராணி. அந்தப் பக்கம் இப்போதெல்லாம் ஒன்றுகூட இல்லை என்பவர்களும் உண்டு, இருக்கிறது என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்பவர்களும் உண்டு. பதினான்கு மாதச் சத்தத்தை ஒரு மனுஷி உட்கார்ந்து கேட்டு முடிக்கப் பதினான்கு மாதம் வேண்டும், அதுவும் தூங்காமல். அதனால் கேட்கிற வேலையை ஒரு ப்ரோகிராமிடம் ஒப்படைத்திருந்தாள்.

போன வாரம் அது ஒருமுறை ஓடி முடிந்தது. முடிந்த பிறகுதான், பாதிக் கோப்புகளை அது திறக்கவே இல்லை என்று தெரிந்தது. திருத்தி மறுபடி ஓடவிட்டு இன்றோடு மூன்று நாள். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. இனி கெஞ்சுவதற்கும் ஆள் இல்லை.

திரையில் கடைசி வரி, தொண்ணூற்றேழரை சதவீதம் என்று காட்டியது. மிச்சம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். நடுவில் எதையும் எழுதிவைக்கிற பழக்கம் அந்த ப்ரோகிராமுக்குக் கிடையாது. கண்டுபிடித்ததையெல்லாம் நினைவிலேயே அடக்கி வைத்திருந்து கடைசியில்தான் கக்கும். இப்படி ஒரு ப்ரோகிராமை எழுதினவனை என்ன சொல்ல? எழுதினது அவளேதான், அதனால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரிக்கு ஆறு வயது. சந்து முனையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த தங்கதுரைக்குப் போன் போட்டாள். இன்வெர்ட்டரை மாட்டியதே அவர்தான். கிளாம்ப் மீட்டரோடு வந்தார்.

"டீச்சர், இதுக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கணும்?" மகளிர் கல்லூரியில் அவள் தற்காலிக விரிவுரையாளராக இருந்ததால் சந்து முழுக்க அவளுக்கு டீச்சர்தான்.

"அஞ்சு மணி நேரம் அண்ணாச்சி."

இன்வெர்ட்டரிலிருந்து வரும் ஒற்றை வயரை மீட்டரின் கவ்வியில் பிடித்தார். ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர். உதட்டைப் பிதுக்கினார். "ஃபேன் எல்லாம் அமத்தியாச்சு. இது தனிக் கம்ப்யூட்டர் இழுக்க இழுவை. இந்த பேட்டரிக்கு ஒரு மணி நேரம். நல்ல மனசு வச்சா ஒண்ணேகால்."

மிச்சமிருப்பதோ ஒன்றே முக்கால் மணிக்கு மேல். முழுக் கம்ப்யூட்டரையும் தூங்க வைத்தால் கரண்டு மிச்சமாகும். ஆனால் போன ஆடியில் ஒருமுறை தூங்க வைத்தபோது அது எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பக்கம் போகவே அவளுக்குப் பயம்.

அப்போதுதான் பழைய கூத்து ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகாத காலத்தில், தப்பான கோப்பைக் கொடுத்து ஒரு ப்ரோகிராமை ஓடவிட்டுவிட்டாள். கடிதம் டைப் அடிக்கும்போது தப்பு செய்தால் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்துவோமே, அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் அழுத்தினாள். செய்த தப்பு ஒன்றும் அழியவில்லை. 'ஸ்டாப்டு' என்று ஒரு வரி வந்தது. செத்துவிட்டது போல என்று நினைத்து வேறு ஒன்றை ஓடவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே. ஒரு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் நொண்டி அடித்தபோது, 'ஜாப்ஸ்' என்று அடித்துப் பார்த்தால், ஆறு ப்ரோகிராம்கள் வரிசையாக உள்ளே உட்கார்ந்திருந்தன. ஒன்றும் சாகவில்லை. எல்லாம் நிறுத்தின இடத்தில் நிறுத்தினபடி, யாராவது கூப்பிடுவார்களா என்று.

"அண்ணாச்சி, மீட்டர எடுத்திராதிய. ஒண்ணு பாக்கணும்," என்றாள்.

விரல் இரண்டும் விசைகளின் மேல் இருந்தன. அழுத்த மனசு வரவில்லை. ஆறு ப்ரோகிராம்களையும் அன்றைக்குக் கொன்றுவிட்டாளே தவிர, ஒன்றையாவது திரும்ப எழுப்பிப் பார்த்ததில்லை. எழும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தை நம்பி எட்டு வருஷத்தை வைக்கலாமா?

அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. 'ஸ்டாப்டு.' பத்து விநாடியில் கம்ப்யூட்டருக்குள் இரைந்துகொண்டிருந்த காற்றாடி தொண்டையைத் தாழ்த்தியது.

தங்கதுரை மீட்டரை ஒரு தட்டுத் தட்டினார். "இதென்ன, பூச்சியம் புள்ளி நாலுக்கு வந்துட்டு? வயரு கழந்துட்டா?"

"ப்ரோகிராம நிப்பாட்டியிருக்கேன்."

"ப்ரோகிராம் நின்னா கரண்டு எப்படிக் கொறையும்? கம்ப்யூட்டரு ஓடிக்கிட்டுதான இருக்கு?"

"அரவை மெஷின்ல நெல்லு போடலேன்னா சும்மா சுத்தும்லா? அது மாதிரி."

"அப்ப லோடு இல்லேங்கிய." அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மோட்டாரோடு இருபது வருஷம் குடித்தனம் செய்த மனுஷன். "சரி, திருப்பி ஓட்டுங்க. ஏறுதான்னு பாப்போம்."

அவள் எஃப், ஜி என்று இரண்டே எழுத்தை அடித்தாள். பின்னால் ஒதுங்கி நிற்கும் வேலையை 'முன்னால் வா' என்று கூப்பிடும் கட்டளை அது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வரிகள் மளமளவென்று இறங்கின. மீட்டர் ஒன்று புள்ளி ஆறுக்குப் போனது. தங்கதுரை குழந்தை மாதிரி சிரித்தார்.

"இன்னொருக்க நிப்பாட்டுங்க டீச்சர்!"

"விளையாட்டா அண்ணாச்சி?" என்று அதட்டினாலும், அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நிறுத்தினாள். பூச்சியம் நாலு. அந்நேரம் பார்த்துத் தெருவில் மிக்சிகளும் டிவிகளும் ஒரே மூச்சில் வாயை மூடிக்கொண்டன. மணி ஒன்பது ஐந்து.

"மானிட்டரையும் அமத்துங்க. இந்த லெவல்ல போனா ரெண்டு மணிக்குத் தாங்கும். தாங்கணும்," என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை கடைக்குப் போனார்.

மானிட்டரை அணைத்த பிறகு பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கறுப்புப் பெட்டி, மெல்லிய இரைச்சல். அவள் மடிக்கணினியைத் திறந்து ஆய்வேட்டின் கடைசிப் பத்தியை இரண்டு விதமாக எழுதி வைத்தாள். முதலாவது, குரல் இருக்கிறது என்று. இரண்டாவது, இல்லை என்று. முடிவு வந்ததும் ஒன்றை அழித்துவிட்டு அனுப்பிவிடலாம். இரண்டையும் எழுதி முடித்தபோது மணி பத்தரைகூட ஆகவில்லை.

கடையில் வேலை ஓடாததாலோ, பொறுக்க முடியாததாலோ, தங்கதுரை பதினோரு மணிக்குப் பேட்டரியைப் பார்க்க வந்தார். பன்னிரண்டரைக்கும் வந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். இப்ப அது எங்கன இருக்கு?"

"இங்கனதான். மெமரியில. எந்த வரியில நின்னுச்சோ, கையில எதெல்லாம் வச்சிருந்துச்சோ, எல்லாம் அப்படியே."

"நேரம் போறது அதுக்குத் தெரியுமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தெரியாதுன்னுதான் நெனைக்கேன். நாலாயிரத்து நூத்திப் பதினேழாவது கோப்புல நின்னுருக்கு. எழுப்புனா நாலாயிரத்து நூத்திப் பதினெட்டுன்னு போவும். நடுவுல அஞ்சு மணி நேரம் போனது அதுக்குக் கணக்குலயே கிடையாது."

"கொடுத்து வச்சது," என்றார் தங்கதுரை.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. எட்டு வருஷத்தில் அவளும் இரண்டு முறை நின்றவள்தான். மகள் பிறந்தபோது ஒன்றரை வருஷம். கொரோனாவின்போது கடலுக்குள் போக முடியாமல் ஒரு வருஷம். ஒவ்வொரு முறை திரும்ப உட்கார்ந்தபோதும் பாதி மறந்திருந்தது. தன் கையெழுத்தையே யாரோ எழுதியது போல வாசித்தாள். 'இன்னுமா முடிக்கல?' என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கையில் வைத்திருந்ததை ஒன்றுகூடக் கீழே போடாமல், நின்ற வரியிலிருந்தே கிளம்பும் இந்தப் பெட்டியைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கரண்டு வந்தது. பேட்டரி விளக்கு அப்போது சிவப்பில் இருந்தது. மானிட்டரைப் போட்டாள். 'ஸ்டாப்டு' என்ற வரி அப்படியே நின்றது. எஃப், ஜி.

நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு.

அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் உட்காரவில்லை, அதற்குள் ட்யூப்லைட் மங்கியது. இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. வெளியே கரண்டு இருக்கிறது, ஆனால் இன்வெர்ட்டர் அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, செத்த பேட்டரிக்குத் தாவிவிட்டது. ஓடிவந்து கண்ட்ரோல் இசட்டை அழுத்தினாள். கீச்சல் நின்றது. சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது.

தங்கதுரை வாசலிலேயே வந்து நின்றார். கையை உயர்த்தித் தெருவைக் காட்டினார். "கேக்குதா?"

கேட்டது. அந்தச் சந்தில் அவள் வீட்டைத் தவிர ஒன்பது வீடு, ஒன்பது மோட்டார். ஐந்து மணி நேரம் கரண்டு இல்லாமல் காய்ந்துபோன ஜனம், கரண்டு வந்த கையோடு முதலில் செய்யும் காரியம் மோட்டாரைப் போடுவது. மறுபடி போய்விட்டால்? அந்தப் பயத்தில் ஒன்பது பேரும் ஒரே நிமிஷத்தில் போடுவார்கள். ஒன்பதும் ஒன்றாக இழுப்பதால் வோல்டேஜ் விழும். வோல்டேஜ் விழுந்தால் எந்தத் தொட்டிக்கும் தண்ணீர் ஒழுங்காக ஏறாது. ஏறாததால் ஒருவரும் நிறுத்தமாட்டார்கள். மாதாமாதம் நடக்கிற கூத்து, ஒருவரும் இதுவரை யோசித்ததில்லை. மோட்டார் கருகினால் தங்கதுரையிடம் கொண்டுபோவார்கள், அவ்வளவுதான்.

"நூத்தம்பதுதான் வருது," என்றார் அவர், மீட்டரைப் பார்த்து. "இருநூறு வந்தாத்தான் இன்வெர்ட்டர் லைனை எடுக்கும். இவ்வோ முடிக்க நாலு மணியாவும்."

நாலு மணிக்குத் தொடங்கினால் ஐந்தே முக்கால். சண்முகப்ரியா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். மூன்று நாள் ஓடி, ஐந்து மணி நேரம் பத்திரமாக நின்று, பெட்டி தன் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தது. தொட்டித் தண்ணீரிலா முழுக வேண்டும்?

மோர் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சுடலைமாடத்திதான் அவளை அந்தக் கோலத்தில் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்டாள். ப்ரோகிராம், மெமரி எல்லாம் அவள் காதில் ஏறவில்லை. அஞ்சு மணி என்பது ஏறியது.

"அப்ப ஒவ்வொரு வீடா நிப்பாட்டணும், அவ்வளவுதான?"

"நிப்பாட்டச் சொன்னா யாரு கேப்பா மதினி? எல்லார் வீட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னவள், பாதியில் நிறுத்தினாள். யாரையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாமே. நிறுத்திவைத்தால் போதும். ஒன்று ஓடும்போது மற்றவை நிற்கட்டும், முறை வந்ததும் ஓடட்டும். ஒருத்தர் தொட்டியும் காலியாகப் போவதில்லை. "அண்ணாச்சி, ஒத்த மோட்டாரு மட்டும் ஓடுனா வோல்டேஜ் எவ்வளவு வரும்?"

"இருநூத்திப் பத்துக்குக் கொறையாது. தண்ணியும் பத்து நிமிஷத்துல ரொம்பிரும்."

சுடலைமாடத்தி சமையலறைச் சுவரிலிருந்து போன மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, ஒன்பது வீட்டையும் வரிசையாக எழுதிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "ப்ரியாவுக்குப் பரீட்சை! கம்ப்யூட்டர்ல பரீட்சை! எல்லாரும் மோட்டார நிப்பாட்டுங்க, நான் பேரு சொல்லும்போது போடுங்க!" ஏழு வீடு முணுமுணுத்துக்கொண்டே கேட்டது. கடைசி வீட்டுப் பிச்சம்மாள் மட்டும் அசையவில்லை. "எம் துணி பூரா சோப்புல கெடக்கு. பரீட்சையாம் பரீட்சை! முப்பத்தஞ்சு வயசுல என்ன பரீட்சை?"

"அப்ப ஒங்களுக்குத்தான் மொத நம்பரு சித்தி," என்றாள் சுடலைமாடத்தி. பிச்சம்மாளுக்கு அதற்கு மேல் சண்டை போட வழியில்லாமல் போனது.

இரண்டு முப்பத்தைந்துக்கு இன்வெர்ட்டர் லைனை எடுத்தது. இந்த முறை சண்முகப்ரியா அவசரப்படவில்லை. தங்கதுரை மீட்டரைப் பார்த்து, "இருநூத்தி எட்டு. நிக்குது," என்று சொன்ன பிறகுதான் எஃப், ஜி அடித்தாள். நாலாயிரத்து நூற்றுப் பத்தொன்பது. இருபது. சன்னல் வழியாகச் சுடலைமாடத்தியின் குரல் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டை நிறுத்தி அடுத்த வீட்டை எழுப்பியது. நாலாவது வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகப் போட்டார். விளக்கு மங்குவதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள்.

நாலு இருபத்தெட்டுக்கு நூறு சதவீதம். திரையில் ஒரே ஓர் எண் வந்தது. இருபத்து மூன்று.

இருபத்து மூன்று குரல்கள். சண்முகப்ரியா மடிக்கணினியை அருகில் இழுத்தாள். 'இல்லை' என்ற பத்தியை அழித்தாள். ஆய்வேட்டில் சேர்ப்பதற்காகத் தேதிப் பட்டியலைத் திறந்தாள். முதல் குரல் ஏப்ரல் பத்தொன்பது. அடுத்தது ஏப்ரல் இருபத்திரண்டு. மே மாதத்தில் பதினாறு. கடைசிக் குரல் ஜூன் பதினொன்று. பதினான்கு மாதத்தில் மற்ற எந்த நாளிலும் ஒன்றுகூட இல்லை.

"ஏதோ தப்பு நடந்திருக்கு," என்றாள். "போன வாரம் மாதிரி பாதிக் கோப்பத்தான் படிச்சிருக்கும் போல."

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கதுரை, தேதிகளை விரல் வைத்து எண்ணினார். "டீச்சர், ஏப்ரல் பதினஞ்சுலேருந்து ஜூன் பதினாலு வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம்லா? எம் மச்சான் போட்டு அந்த ரெண்டு மாசமும் கரையிலதான் கெடக்கும். ஒரு விசைப்படகும் கடலுக்குப் போவாது."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த இரண்டு மாதமும் மீன் விலை ஏறும் என்று தெரியும். பட்டியலில் பார்க்கத்தான் தெரியவில்லை. கோப்புகளைச் சரிபார்த்தாள். ஒன்று விடாமல் எல்லாம் படிக்கப்பட்டிருந்தன.

"அப்ப மத்த நாள்ல அது அங்கன இல்லையா?" என்று கேட்டார் அவர். "இல்ல, இருந்தும் நமக்குக் கேக்கலையா?"

மணி நாலு நாற்பத்தொன்று. காலையில் எழுதி வைத்த இரண்டு பத்திகளில், மிச்சமிருந்ததும் அவளுக்கு உதவாது என்று ஆனது. அதையும் அழித்தாள். விறுவிறுவென்று புதிதாக அடித்தாள்: விசைப்படகுகள் நின்றிருந்த அறுபத்தொரு நாட்களில் மட்டுமே குரல் பதிவாகியுள்ளது. மற்ற நாட்களில் விலங்கு அங்கே இல்லையா, இருந்தும் கேட்கவில்லையா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. எட்டு வருஷம் படித்து 'சொல்ல முடியவில்லை' என்று முடிக்கிறோமே என்று ஒரு கணம் கூசியது. ஆனால் அந்த ஆய்வேட்டில் அதைவிட உண்மையான வரி வேறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நாலு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்ற பதில் நாலு ஐம்பத்தாறுக்கு வந்தது.

பிறகு மே மாதக் குரல் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். கீச், கீச், நீளமாக ஒரு கீச். தங்கதுரை வாயைத் திறந்தபடி கேட்டார். "இவ்வளவு பெரிய உருப்படிக்கு இந்தச் சத்தமா!"

"மத்த மாசத்துல ஒண்ணு போடுங்க," என்றார்.

ஜூலையில் ஒரு நாளைத் திறந்தாள். அறை முழுக்க இன்ஜின் இரைச்சல். ஒன்று தேய்ந்தால் அடுத்தது வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவள் நிறுத்தப் போனாள். தங்கதுரை கையைக் காட்டித் தடுத்தார்.

"இருங்க. இதுல ஒண்ணு எம் மச்சான் போட்டா இருக்கும்." ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்துக்கொண்டார். "இதுக்குள்ளதான அது இருக்கணும்?"

சண்முகப்ரியாவும் நாற்காலியை அருகில் இழுத்துக் குனிந்தாள்.